வலிப்பு நோயும் ஆளுமைக் கோளாறுகளும்

வலிப்பு நோயும் ஆளுமைக் கோளாறுகளும் என்பது, வலிப்பு நோயுடன் (கால்-கை வலிப்பு, காக்கை வலிப்பு) வாழும் வயதுவந்தோரிடம் காணப்படும் நீடித்த ஆளுமைச் சிக்கல்களையும், அவற்றுக்கும் மூளையின் வலிப்பு இயக்கத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆராயும் நரம்பு உளமருத்துவத் துறையாகும். வலிப்பு நோய் உள்ள அனைவருக்கும் பொதுவான ஒரு தனி ஆளுமை உண்டு என்ற கருத்து 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. இக்கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. வலிப்பு நோய் உள்ளவர்களுள் பெரும்பாலானோருக்கு ஆளுமைக் கோளாறு எதுவும் இல்லை. எனினும் சிலரிடம், குறிப்பாக மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களிடமும் சில குறிப்பிட்ட வலிப்பு வகைகள் உள்ளவர்களிடமும், ஆளுமைச் சிக்கல்கள் பொது மக்களிடம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. மூளைப் பாதிப்பு, மருந்துகளின் பக்க விளைவு, சமூக ஒதுக்கல் ஆகிய மூன்றும் தனித்தனியாகவோ சேர்ந்தோ இதற்குக் காரணமாகின்றன. காரணத்துக்கேற்பச் சிகிச்சையும் மாறுவதால், அதைச் சரியாகக் கண்டறிவது இத்துறையின் முதன்மையான பணியாகக் கருதப்படுகின்றது.

அடிப்படைக் கருத்துகள்

வலிப்பு நோய்

மூளையின் நரம்பு உயிரணுக்கள் அளவுக்கு மீறியும் ஒரே நேரத்திலும் மின் துடிப்புகளை வெளியிடும்போது வலிப்புத் தாக்கம் ஏற்படுகிறது. இத்தகைய தாக்கங்கள் தூண்டுதல் ஏதுமின்றி மீண்டும் மீண்டும் வரக்கூடிய நிலையே வலிப்பு நோய் எனப்படுகிறது. 1909 ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் தோற்றுவிக்கப்பட்ட வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2014 இல் வெளியிட்ட வரையறையின்படி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் தூண்டப்படாத இரு தாக்கங்கள் ஏற்பட்டிருந்தாலோ, ஒரு தாக்கத்தின் பின் மீண்டும் வரும் வாய்ப்பு அடுத்த 10 ஆண்டுகளில் குறைந்தது 60 விழுக்காடாக இருந்தாலோ, குறிப்பிட்ட வலிப்பு நோய்க்குறித்தொகுதி ஒன்று கண்டறியப்பட்டாலோ அது வலிப்பு நோயாகக் கொள்ளப்படும்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். இவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். முறையான சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை தாக்கங்கள் இன்றி வாழ இயலும்.

ஆளுமைக் கோளாறு

ஒருவர் தம்மையும் பிறரையும் நோக்கும் விதம், உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம், பிறருடன் பழகும் விதம், உந்துதல்களைக் கட்டுப்படுத்தும் விதம் ஆகியன அவர் வாழும் பண்பாட்டின் எதிர்பார்ப்புகளிலிருந்து பெரிதும் விலகி, வளைந்து கொடுக்காதவையாக நிலைத்து, அவருக்கோ பிறருக்கோ துன்பத்தை விளைவிக்கும்போது அது ஆளுமைக் கோளாறு எனப்படுகிறது. இது வழக்கமாகப் பதின்ம வயதிலோ இளமையின் தொடக்கத்திலோ தோன்றி நீடிக்கும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (டி.எஸ்.எம்-5, 2013) பத்து ஆளுமைக் கோளாறுகளை மூன்று கொத்துகளாகப் பிரிக்கிறது:

* முதற் கொத்து: ஐயுறவு, ஒதுங்கல், விசித்திர நடத்தை ஆகிய வகைகள்.
* இரண்டாம் கொத்து: சமூகவிரோத, எல்லைநிலை, நாடகத்தன்மை, தன்மோக வகைகள்.
* மூன்றாம் கொத்து: தவிர்ப்பு, சார்பு, கட்டாய ஒழுங்கு ஆகிய வகைகள்.

இக்கையேட்டின்படி, வேறொரு உடல் நோயினால் நேரடியாக விளையும் ஆளுமை மாற்றத்தை ஆளுமைக் கோளாறு எனக் குறித்தல் கூடாது. அதற்கு "மற்றொரு மருத்துவ நிலையினால் ஏற்படும் ஆளுமை மாற்றம்" என்ற தனிப் பிரிவு உள்ளது. வலிப்பு நோயாளரிடம் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. இத்துறையின் பல குழப்பங்கள் இவ்விடத்திலேயே தோன்றுகின்றன.

வரலாறு

பழங்காலம்

பழங்காலப் பண்பாடுகள் பலவற்றில் வலிப்பு நோய் தெய்வத்தின் அல்லது தீய ஆவியின் செயலாகக் கருதப்பட்டது. கி.மு. 400 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு ஹிப்போகிரட்டீஸின் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ள "புனித நோய் பற்றி" என்ற கிரேக்க நூல், இந்நோய் பிற நோய்களைவிடப் புனிதமானது அன்று என்றும் இதன் இருப்பிடம் மூளையே என்றும் வாதிட்டது. ஆயினும் இக்கருத்து மருத்துவ உலகில் நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

19 ஆம் நூற்றாண்டு

ஐரோப்பாவில் மனநோய்க் காப்பகங்கள் பெருகியபோது, கடுமையான வலிப்பு உள்ளவர்கள் பலர் அவற்றில் அடைக்கப்பட்டனர். அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள் தாம் கண்டவற்றை நோயாளர் அனைவருக்கும் பொதுவானவையாக எழுதினர். பிரான்சைச் சேர்ந்த பெனடிக்ட் மோரல் 1860 இல், உடல் துடிப்பு வெளிப்படாமல் கோபவெறியாக மட்டுமே தோன்றும் "மறைந்த வலிப்பு" என்ற கருத்தை முன்வைத்தார். அதே காலப்பகுதியில் ஜூல்ஸ் ஃபால்ரே, வலிப்பு நோயாளரின் எரிச்சலையும் நிலையற்ற மனப்போக்கையும் விவரித்தார்.

இத்தாலியரான செசாரே லொம்ப்ரோசோ ஒருபடி மேலே சென்றார். 1876 இல் தம் முதன்மை நூலை வெளியிட்ட இவர், அதன் பிற்காலப் பதிப்புகளில் "பிறவிக் குற்றவாளி" என்ற தம் கோட்பாட்டுடன் வலிப்பு நோயை இணைத்தார். இக்கோட்பாடு அறிவியல் ஆதாரமற்றது எனப் பின்னர் தள்ளப்பட்டது. எனினும், வலிப்பு உள்ளவர் ஆபத்தானவர் என்ற எண்ணம் பொது மக்களிடம் வேரூன்ற இது துணைபோயிற்று.

செருமானிய உளமருத்துவரான எமில் கிரெப்பலின், தாக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வந்து போகும் எரிச்சல், சோர்வு, காரணமற்ற மகிழ்ச்சி ஆகியவற்றைப் பதிவு செய்தார். 1910-களில் அமெரிக்க மருத்துவர் எல். பியர்ஸ் கிளார்க், தன்னலம், மிகை உணர்திறன், உணர்ச்சி வறட்சி, விறைப்பு ஆகியவை கொண்ட "வலிப்பு மனப்பாங்கு" ஒன்று பிறவியிலேயே உண்டு என்றும் வலிப்பே அதன் விளைவு என்றும் கூறினார்.

இவ்விவரிப்புகளில் இரு பெருங்குறைகள் இருந்தன. முதலாவது, ஆராயப்பட்டவர்கள் காப்பகங்களில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தவர்கள். வெளியே தொழில் செய்து குடும்பம் நடத்திய நோயாளர் கணக்கில் வரவில்லை. இரண்டாவது, 1857 முதல் வலிப்புக்கு வழங்கப்பட்டு வந்த புரோமைடு உப்புகள் உடலில் தேங்கி, மந்தம், எரிச்சல், நினைவுக் குறைவு ஆகியவற்றை விளைவிக்கக்கூடியவை. ஆகவே "வலிப்பு ஆளுமை" என எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதி மருந்தின் நச்சு விளைவாகவும் மற்றொரு பகுதி சிறைவாழ்வின் விளைவாகவும் இருந்திருக்க வேண்டும் எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

20 ஆம் நூற்றாண்டு

1912 இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டாலை வலிப்புக்குப் பயன்படுத்தினார். 1929 இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலை வரைவை (ஈ.ஈ.ஜி) வெளியிட்டார். இதன்பின் வலிப்பு ஒரு மனப்பாங்கு அன்று, அளந்தறியக்கூடிய மின் நிகழ்வு என்பது உறுதியாயிற்று. நோயாளர் பலர் காப்பகத்துக்குச் செல்லாமல் புறநோயாளர் பிரிவுகளிலேயே சிகிச்சை பெற்றபோது, அவர்களுள் பெரும்பாலானோரின் ஆளுமை இயல்பானதே என்பதும் தெரியவந்தது.

1940-களின் இறுதியில் ஃபிரெட்ரிக் கிப்ஸ் முதலானோர், மூளையின் பொட்டு மடலில் (காதுக்கு மேலே, பொட்டுப் பகுதிக்கு உட்புறம் அமைந்த பகுதி) வலிப்பு மையம் உள்ளவர்களிடம் உளச் சிக்கல்கள் கூடுதலாக உள்ளன எனக் கூறினர். இதனால் கேள்வி மாறியது. "வலிப்பு நோயாளரின் ஆளுமை எத்தகையது?" என்பதற்கு மாறாக, "மூளையின் எப்பகுதியில் தோன்றும் வலிப்பு ஆளுமையைப் பாதிக்கிறது?" என ஆய்வாளர்கள் வினவத் தொடங்கினர்.

பொட்டு மடல் வலிப்பும் கெஷ்விண்ட் நோய்க்குறித்தொகுதியும்

பொட்டு மடலின் உட்புறத்தில் அமிக்டலா, இப்போகாம்பசு ஆகிய பகுதிகள் உள்ளன. அச்சம், கோபம் முதலிய உணர்ச்சிகளிலும் நினைவாற்றலிலும் இவை முதன்மைப் பங்கு வகிக்கின்றன. இப்பகுதிகளில் தோன்றும் வலிப்பு, தாக்கம் இல்லாத காலத்திலும் உணர்ச்சி வாழ்வைப் பாதிக்கக்கூடும் என்பது இயல்பான எதிர்பார்ப்பாக இருந்தது.

1974, 1975 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களான ஸ்டீபன் வாக்ஸ்மனும் நார்மன் கெஷ்விண்டும் (1926–1984) வெளியிட்ட கட்டுரைகளில், பொட்டு மடல் வலிப்பு உள்ள சிலரிடம் பின்வரும் பண்புகள் சேர்ந்து காணப்படுவதாக விவரித்தனர்:

* மிகை எழுத்து: நாட்குறிப்பு, கடிதம், கவிதை, பட்டியல் என ஓயாது எழுதுதல்.
* சமயம், ஒழுக்கம், மெய்யியல் ஆகியவற்றில் ஆழ்ந்த ஈடுபாடு.
* பாலியல் நாட்ட மாற்றம். பெரும்பாலும் நாட்டக் குறைவு.
* சுற்றி வளைத்துப் பேசுதல்; பேச்சை முடிக்க இயலாமல் நீட்டித்தல். இது "ஒட்டும் தன்மை" எனவும் கூறப்படுகிறது.
* உணர்ச்சிகள் ஆழமடைதல்.

இத்தொகுதி பின்னர் கெஷ்விண்ட் நோய்க்குறித்தொகுதி எனப் பெயர் பெற்றது. இவற்றை நோயாகக் கருதாமல் நடத்தை மாற்றமாகவே கெஷ்விண்ட் நோக்கினார். மேற்கண்ட பண்புகள் ஒருவருக்குத் துன்பம் தராதபோது அவற்றைக் கோளாறு எனல் பொருந்தாது.

பியர்–ஃபெடியோ ஆய்வு

1977 இல் டேவிட் பியர், பால் ஃபெடியோ ஆகியோர் 18 பண்புகளை அளவிடும் வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினர். நோயாளரும் அவர்களை நன்கறிந்தோரும் தனித்தனியே இதற்கு விடையளித்தனர். வலப்புற மையம் உள்ளவர்களிடம் உணர்ச்சி சார்ந்த பண்புகளும், இடப்புற மையம் உள்ளவர்களிடம் சிந்தனை சார்ந்த பண்புகளும் மிகுந்திருந்தன என்பது இவர்களது முடிவு. மேலும், முன்னவர் தம் குறைகளைக் குறைத்தும் பின்னவர் தம் குறைகளை மிகைப்படுத்தியும் கூறியதாக இவர்கள் குறிப்பிட்டனர்.

இதற்குக் காட்டப்பட்ட விளக்கம் "மிகை இணைப்பு" எனப்படுகிறது. 1930-களின் இறுதியில் ஹைன்ரிக் குளூவரும் பால் பூசியும் குரங்குகளின் இரு பொட்டு மடல்களையும் அகற்றியபோது, அவை அச்சத்தை இழந்தன. பொருள்களின் உணர்ச்சி மதிப்பை உணரும் திறனையும் இழந்தன. அங்கு இணைப்பு அறுபட்டது. வலிப்பு உள்ளவரிடம் இதற்கு மாறாக இணைப்பு மிகுந்து, சாதாரண நிகழ்வுகளும் பெரும் பொருள் பொதிந்தவையாகத் தோன்றுகின்றன எனப் பியர் கருதினார். இது கவர்ச்சியான கருதுகோள் எனினும் நிறுவப்பட்டதன்று.

விமரிசனம்

1982 இல் டான் மங்காஸ் மேற்கொண்ட ஆய்வு, பியர்–ஃபெடியோ வினாப்பட்டியல் பொட்டு மடல் வலிப்பு உள்ளவர்களையும் வலிப்பு இல்லாத உளநோயாளரையும் வேறுபடுத்திக் காட்டவில்லை என நிறுவியது. அதாவது அது அளந்தது, வலிப்புக்கே உரிய ஆளுமையை அன்று. பொதுவான உளத் துன்பத்தையே. பின்னர் நெதர்லாந்து முதலிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளிலும் பொட்டு மடல் வலிப்பு உள்ளவர்களுக்கும் பிற வலிப்பு வகைகள் உள்ளவர்களுக்கும் இடையே தெளிவான ஆளுமை வேறுபாடு காணப்படவில்லை. கெஷ்விண்ட் விவரித்த முழுத் தொகுதியும் சேர்ந்து காணப்படும் நோயாளர் அரிதாகவே உள்ளனர் என்பது இன்றைய பொதுக் கருத்தாகும்.

உருசிய எழுத்தாளர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி வலிப்பு நோய் உடையவர். அவரது "அசடன்" புதினத்தின் தலைமைப் பாத்திரத்துக்கும் இந்நோய் உண்டு. அவருக்குக் கெஷ்விண்ட் நோய்க்குறித்தொகுதி இருந்ததாகச் சிலர் எழுதியுள்ளனர். மறைந்தவர்களின் எழுத்திலிருந்து நோயை ஊகிப்பது உறுதியற்றது. மிகுதியாக எழுதுவதும் சமயச் சிந்தனையும் நோய்க்குறிகள் ஆகிவிடா.

இளமைக்கால தசைத்துடிப்பு வலிப்பு

1957 இல் செருமானிய மருத்துவர் டீட்டர் யான்ஸ், வால்டர் கிறிஸ்டியானுடன் இணைந்து, பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வலிப்பு வகையை விரிவாக விவரித்தார். காலையில் விழித்தவுடன் கைகள் திடீரெனத் துள்ளுவதும், தூக்கக் குறைவினால் தாக்கம் தூண்டப்படுவதும் இதன் அடையாளங்கள். இந்நோயாளருள் பலர் பொறுப்பற்றவர்களாகவும், கட்டுப்பாடு குறைந்தவர்களாகவும், எளிதில் பிறர் சொல்லுக்கு ஆட்படுபவர்களாகவும் உள்ளனர் என யான்ஸ் எழுதினார்.

பிற்காலத்தில் பிரேசில், ஆஸ்திரியா முதலிய நாடுகளில் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் மூலம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், இவ்வகை வலிப்பு உள்ளோரிடம் ஆளுமைக் கோளாறுகள், குறிப்பாக உந்துதல் கட்டுப்பாடு குறைந்த இரண்டாம் கொத்து வகைகள், கூடுதலாகக் காணப்பட்டன. திட்டமிடலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய நெற்றி மடலுக்கும் தலாமசுக்கும் இடையிலான வலைப்பின்னலின் செயற்பாட்டுக் குறைவு இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இதற்கு நடைமுறை முக்கியத்துவம் உண்டு. மருந்தைத் தவறவிடுதல், இரவு கண்விழித்தல், மது அருந்துதல் ஆகியவற்றால் தாக்கங்கள் மிகுகின்றன. இவற்றை ஒழுக்கக் குறைவு எனக் கடிந்து கொள்வதைவிட, நோயின் ஒரு கூறாகக் கண்டு உதவுவது பயன் தரும்.

பரவல்

ஆளுமைக் கோளாறுகளின் பரவல் குறித்து ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வேறுபடுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் சிறப்பு மருத்துவமனைகளில், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீட்டுக்காக வருபவர்களிடம் நடத்தப்படுகின்றன. இவர்கள் மிகக் கடுமையான நோய் உள்ளவர்கள் ஆதலால், கிடைக்கும் எண்களை அனைவருக்கும் பொருத்தல் தவறாகும்.

உளநலச் சிக்கல்கள் மொத்தமாக மிகுந்துள்ளன என்பதில் ஐயம் இல்லை. 2007 இல் வெளியான கனடிய மக்கள்தொகை ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களுள் 35.5 விழுக்காட்டினரும் இல்லாதவர்களுள் 20.7 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் உளநலக் கோளாறு ஒன்றுக்கு ஆளாகியிருந்தனர். மனச்சோர்வும் பதற்றமுமே இவற்றுள் முதன்மையானவை.

ஆளுமைக் கோளாறுகளைப் பொறுத்தவரை, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளோரிடம் மூன்றாம் கொத்தைச் சேர்ந்த தவிர்ப்பு, சார்பு வகைகளே அடிக்கடி பதிவாகியுள்ளன. முரட்டுத்தனமும் குற்றப் போக்கும் வலிப்பு நோயாளரின் இயல்பு என்ற பழைய எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

காரணங்கள்

மூளை சார்ந்தவை

தலைக்காயம், மூளைக் கட்டி, மூளை அழற்சி, பிறவி அமைப்புக் குறைபாடு, பக்கவாதம் முதலியன வலிப்பையும் ஆளுமை மாற்றத்தையும் ஒருங்கே விளைவிக்கக்கூடும். இங்கு வலிப்பு ஆளுமை மாற்றத்துக்குக் காரணம் அன்று. இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள். அடிக்கடி நிகழும் தாக்கங்களும், தாக்கங்களுக்கு இடையில் நிகழும் மின் துடிப்புகளும் உணர்ச்சி வலைப்பின்னல்களைக் காலப்போக்கில் மாற்றக்கூடும் எனவும் கருதப்படுகிறது.

மருந்து சார்ந்தவை

வலிப்படக்கி மருந்துகள் சில, மனநிலையையும் நடத்தையையும் பாதிக்கின்றன. லெவெடிரசிட்டாம் சிலரிடம் எரிச்சலையும் சினத்தையும் உண்டாக்குகிறது. பெராம்பனெல் மருந்துக்கு, கடுமையான உளவியல், நடத்தை விளைவுகள் குறித்த பெட்டியிட்ட எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் விதித்துள்ளது. பீனோபார்பிட்டாலும் டோப்பிரமேட்டும் மனச்சோர்வைத் தூண்டலாம். மாறாக, லமோட்ரிஜின், வால்புரோயேட், கார்பமசெப்பின் ஆகியன மனநிலையைச் சீராக்கும் இயல்புடையவை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் "ஆளே மாறிவிட்டார்" எனக் குடும்பத்தினர் கூறினால், முதலில் ஐயுறவேண்டியது மருந்தையே.

வளர்ப்பும் சமூகமும் சார்ந்தவை

குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு தொடங்கியவர் பலர் மிகைப் பாதுகாப்பில் வளர்க்கப்படுகின்றனர். தனியே வெளியே செல்லவோ, நீந்தவோ, விளையாடவோ, சமைக்கவோ விடப்படாமல் வளர்ந்தவர் வயது வந்தபின்னும் முடிவெடுக்க அஞ்சிப் பிறரைச் சார்ந்திருப்பது வியப்பன்று. தாக்கம் எப்போது வரும் என அறிய இயலாமையும், பொது இடத்தில் விழுந்துவிடும் அச்சமும் ஒருவரைக் கூட்டங்களிலிருந்து விலகச் செய்கின்றன. இவை தவிர்ப்பு, சார்பு ஆகிய ஆளுமைக் கோளாறுகளின் விவரிப்பை ஒத்திருந்தாலும், பல வேளைகளில் உண்மையான சூழ்நிலைக்கு ஏற்பட்ட எதிர்வினைகளே ஆகும்.

வகைப்பாடு

உலக சுகாதார அமைப்பின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் (ஐ.சி.டி-10) எஃப்07.0 என்ற குறியீட்டின்கீழ் உள்ள "உடல்சார் ஆளுமைக் கோளாறு" என்னும் பிரிவில் லிம்பிக் வலிப்பு ஆளுமைத் தொகுதியும் அடங்கியிருந்தது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11, ஆளுமைக் கோளாற்றைத் தனித்தனி வகைகளாகப் பிரிக்காமல் மிதமானது, நடுத்தரமானது, கடுமையானது எனத் தீவிரத்தின் அடிப்படையில் பிரிக்கிறது. உடல் நோயால் விளைவது "இரண்டாம்நிலை ஆளுமை மாற்றம்" எனத் தனியே குறிக்கப்படுகிறது.

அப்போதைய வகைப்பாடுகள் வலிப்பு நோயாளரின் நிலையை முழுமையாக எடுத்துரைக்கவில்லை எனக் கருதிய பன்னாட்டுக் கழகத்தின் உளஉயிரியல் குழு, 2007 இல் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த நரம்பு உளமருத்துவர் எ. சீ. கிருஷ்ணமூர்த்தி இதன் முதல் ஆசிரியர் ஆவார். மைக்கேல் டிரிம்பிள், டீட்ரிச் புளூமர் ஆகியோர் உடன் எழுதினர். தாக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் காணப்படும் ஆளுமைப் பண்புகளை மிகை ஒழுக்க அல்லது மிகைச் சமய ஈடுபாடு, ஒட்டும் தன்மை, நிலையற்ற உணர்ச்சி எனக் குழுக்களாக இம்முன்மொழிவு பிரிக்கிறது. சமூக வாழ்வுக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு விளையும்போது மட்டுமே இப்பண்புகளைக் கோளாறாகக் கொள்ளவேண்டும் என்பது இதன் முக்கியக் கூறாகும்.

நோயறிதல்

ஆளுமைக் கோளாறு என முடிவு செய்யும் முன் மருத்துவர்கள் பின்வருவனவற்றை ஆராய்கின்றனர்:

* தொடக்கம்: பதின்ம வயது முதல் நீடிக்கிறதா, அல்லது குறிப்பிட்ட காலத்தில் மாறியதா? முன்னதே ஆளுமைக் கோளாற்றைச் சுட்டும்.
* தாக்கத்துடன் தொடர்பு: தாக்கத்துக்குச் சில மணி நேரம் அல்லது நாள்கள் முன்போ பின்போ மட்டும் தோன்றும் எரிச்சலும் குழப்பமும் ஆளுமை ஆகா.
* மருந்து மாற்றம்: அண்மையில் மருந்தோ அளவோ மாற்றப்பட்டதா?
* மனச்சோர்வு: நீடித்த மனச்சோர்வு ஆளுமைக் கோளாறு போலத் தோன்றலாம். இதைக் கண்டறிய வலிப்பு நோயாளருக்கென ஆறு வினாக்கள் கொண்ட சுருக்கப் பட்டியல் 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது.
* தாக்கங்கள் நின்றபின் வரும் மாற்றம்: மின்னலை வரைவு சீராகும்போதே உளநோய்க் குறிகள் தோன்றும் "கட்டாய இயல்பாக்கம்" என்ற நிலையை ஹைன்ரிக் லாண்டோல்ட் 1953 இல் விவரித்தார்.
* விரைவான மாற்றம்: சில வாரங்களில் ஆளுமை மாறி, மறதியும் புதிய தாக்கங்களும் சேர்ந்தால் தன்னெதிர்ப்பு மூளை அழற்சியைக் கருதவேண்டும். இது நோயெதிர்ப்புச் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியது, தாமதம் தீங்கானது.

வலிப்பு போலத் தோன்றினும் மூளையின் மின் துடிப்பால் விளையாத விலகல் தாக்கங்களும் உள்ளன. இவை நடிப்பு அல்ல. இவை உள்ளவர்களிடம் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, வலிப்பு நோயாளரிடம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒருவருக்கே இரு வகைத் தாக்கங்களும் இருக்கலாம் என்பதால், காணொளியுடன் கூடிய மின்னலை வரைவு தேவைப்படுகிறது.

வன்முறை பற்றிய தவறான கருத்து

வலிப்பு நோய்க்கும் வன்முறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்ற எண்ணம் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. 1981 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சுமார் 5,400 நோயாளருள் தாக்கத்தின்போது வன்முறையில் ஈடுபடுவதாகக் கருதப்பட்ட 19 பேரின் காணொளிப் பதிவுகள் ஆராயப்பட்டன. தாக்கத்தின்போது ஒருவரைக் குறிவைத்துத் தாக்குதல் மிகமிக அரிது என்பது முடிவாயிற்று. குழப்ப நிலையில் பிடித்து அடக்க முற்படும்போது நோயாளர் திமிறுவது வேறு.

சுவீடனில் 35 ஆண்டு காலப் பதிவேடுகளைக் கொண்டு 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வலிப்பு நோய் உள்ள ஏறத்தாழ 23,000 பேர் கருதப்பட்டனர். பொது மக்களுடன் ஒப்பிட்டபோது வன்குற்ற விகிதம் சற்றுக் கூடுதலாகத் தோன்றியது. நோயற்ற அவர்களது உடன்பிறந்தோருடன் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே அக்கூடுதல் வலிப்பினால் விளைந்தது அன்று, குடும்பச் சூழல் முதலிய பொதுக் காரணிகளைச் சார்ந்தது என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

சிகிச்சை

* தாக்கங்களைக் கட்டுப்படுத்துதல் முதற்படியாகும். தாக்கம் குறையும்போது தன்னம்பிக்கையும் சமூக வாழ்வும் மேம்படுகின்றன.
* நடத்தை மாற்றத்துக்கு மருந்தே காரணம் எனத் தெரிந்தால் மருத்துவர் அதைப் படிப்படியாக மாற்றுவார். நோயாளர் தாமாக மருந்தைத் திடீரென நிறுத்துதல் கூடாது. அது இடைவிடாத வலிப்பு நிலைக்கு இட்டுச்சென்று உயிருக்கு ஆபத்தாகலாம்.
* ஆளுமைக் கோளாறுகளுக்கு உளச்சிகிச்சையே முதன்மையானது. அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும், எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றுக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சையும் பயன்படுத்தப்படுகின்றன.
* மனச்சோர்வு சேர்ந்திருப்பின், செரட்டோனின் மீள்ளேற்புத் தடுப்பான்கள் வழக்கமான அளவில் வலிப்பு நோயாளருக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. புப்ரோப்பியான், குளோசப்பின் ஆகியன தாக்க வாய்ப்பைக் கூட்டுவதால் தவிர்க்கப்படுகின்றன அல்லது மிகுந்த எச்சரிக்கையுடன் தரப்படுகின்றன.
* குடும்பத்தினருக்கு நோய் பற்றிய விளக்கம் தருவதும், நோயாளர் தம்மால் இயன்ற பணிகளைத் தாமே செய்ய விடுவதும் சார்புப் போக்கைக் குறைக்கின்றன.

மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டு மடல் வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை பயனளிக்கிறது. ஆளுமைக் கோளாறு இருப்பதனால் மட்டும் இச்சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. எனினும் முன்னரும் பின்னரும் உளநல மதிப்பீடு தேவை. பல ஆண்டுகள் நோயாளராக வாழ்ந்தவர் திடீரெனத் தாக்கமற்றவராகும்போது, வேலை, திருமணம், பொறுப்பு என எழும் எதிர்பார்ப்புகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் தடுமாறுவதுண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதனை "இயல்பு நிலையின் சுமை" எனக் குறிப்பிட்டனர்.

சமூக, சட்ட விளைவுகள்

"வலிப்பு ஆளுமை" என்ற முத்திரை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வலிப்பு நோயாளருக்கெனத் தனிக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. செருமனியில் 1933 இல் இயற்றப்பட்ட கட்டாய மலடாக்கச் சட்டத்தின் பட்டியலில் மரபுவழி வலிப்பும் இடம்பெற்றது. ஐக்கிய இராச்சியத்தில் வலிப்பு நோயாளரின் திருமணத்தைத் தடுத்த சட்டம் 1970 வரை நீடித்தது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய தடையைக் கடைசி மாநிலம் 1980 இல் நீக்கியது.

இந்தியாவில் 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் மனநோயுடன் வலிப்பையும் சேர்த்தே திருமணத் தகுதியின்மையாகக் குறிப்பிட்டிருந்தன. 1999 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் "வலிப்பு" என்ற சொல்லை அவற்றிலிருந்து நீக்கியது. எனினும் திருமணப் பேச்சின்போது நோயை மறைப்பதும், பின்னர் மருந்தை ஒளித்து உண்பதும், அதனால் தாக்கம் மிகுவதும் இன்றும் காணப்படுகின்றன. இவ்வாறு மறைத்து வாழும் ஒருவரின் அச்சத்தையும் ஒதுங்கலையும் ஆளுமைக் கோளாறு எனக் குறிப்பது, காரணத்தை விட்டு விளைவைப் பற்றுவதாகும்.

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் 2022 இல், 2022–2031 காலப்பகுதிக்கான வலிப்பு மற்றும் பிற நரம்பியல் கோளாறுகள் பற்றிய உலகளாவிய செயல்திட்டத்தை ஏற்றன. சிகிச்சை வசதிகளைப் பெருக்குவதுடன், நோயாளருக்கு எதிரான பாகுபாட்டை நீக்கும் சட்டங்களை இயற்றுவதும் இத்திட்டத்தின் இலக்குகளுள் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

* வலிப்பு நோய்
* ஆளுமைக் கோளாறு
* பொட்டு மடல்
* மூளை மின்னலை வரைவு
* மனச்சோர்வு